கொசுவுக்கு முகம் கொடுத்தவள்

வீட்டில் அவளைக் கிறுக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். காகிதத்தில் கிறுக்குவதாலா, மண்டையில் கிறுக்கு இருப்பதாலா என்று யாரும் தெளிவுபடுத்தியதில்லை. படம் வரைவது அவள் தொழில். பால்கனியை ஜன்னல் வைத்து அடைத்து, வாஷிங் மெஷினுக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் ஒரு மேசை போட்டிருந்தாள். பிஸ்கட் டப்பாவுக்கு முயல், பாடப்புத்தகத்துக்குத் தபால்காரர், கல்யாண நாள் பரிசுக்குக் கணவன் மனைவி உருவப்படம் என்று எது வந்தாலும் வரைந்து கொடுப்பாள். ஆனால் ஆபீசுக்குப் போகாததால், சொந்தக்காரர்கள் கணக்கில் அவள் சும்மாத்தான் இருந்தாள். கீழ் வீட்டில் இருக்கும் அக்காவுக்கு கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வைப்பதும், குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தால் கூடவே நிற்பதும் அந்தச் சும்மாவில் சேர்த்தி.

அப்படிச் சும்மா இருந்தவளைத் தேடி ஒரு கொசுவர்த்திக் கம்பெனி வந்தது.

"எங்க சுருளுக்கு எதிரியா ஒரு கொசு வேணும் மேடம்," என்றார் விளம்பர அதிகாரி. "பாத்தா பயமா இருக்கணும். ஆனா குழந்தைங்க ஓடி வந்து கட்டிப் பிடிச்சுக்கணும்."

அவள் எந்தப் பாத்திரத்தையும் முகத்திலிருந்து தொடங்கமாட்டாள். முதலில் முதுகுக்கு ஒரே ஒரு கோடு. ஆள் கூனுகிறானா, நிமிர்கிறானா, யார் மேலாவது சாயப் பார்க்கிறானா என்பதெல்லாம் அதில் முடிவாகிவிடும். அப்புறம் உடம்பின் பாரம் எந்தக் காலில் என்று பார்ப்பாள். தோளும் கையும் அதற்கேற்ப வந்து சேரும். முகம் கடைசிதான். முதுகு பொய் சொன்னால் மூஞ்சி என்ன சிரித்தும் எடுபடாது என்பது அவள் கட்சி.

அதிகாரியிடம் எந்த முதுகும் எடுபடவில்லை. ஒல்லிக் கொசுவைப் பார்த்து, "ஐயோ பாவம்னு தோணுது மேடம், சுருளைக் கொளுத்த யாருக்கும் மனசு வராது," என்றார். குண்டுக் கொசுவைப் பார்த்து, "இவ்வளவு நல்லா சாப்பிட்டிருக்குன்னா நம்ம சுருள் வேலை செய்யலைன்னு ஆயிடுமே," என்றார். மீசை வைத்தாள். "முதலாளிக்கும் மீசை இருக்கு, வம்பே வேண்டாம்." மீசையை எடுத்தாள். "இப்ப ஏதோ ஒண்ணு குறையுது. என்னன்னு சொல்லத் தெரியலை. ஆனா குறையுது."

அந்த நேரம் பார்த்து மாடியேறி வந்தார் அக்கா புருஷன். ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் மேற்பார்வையாளர். யார் வீட்டுக்குப் போனாலும் நலம் விசாரிக்கமாட்டார், குறை விசாரிப்பார்.

"இந்த ஸ்விட்ச் கோணலா இருக்கே, எந்தப் புண்ணியவான் மாட்டினான்?"

ஒரு கை இடுப்பில். இன்னொரு கையின் ஆள்காட்டி விரல் அந்தரத்தில். தொந்தி முதலில் வந்து, ஆள் பின்னால் வந்தார். மூக்கு மட்டும் அறையில் இருந்த எல்லாவற்றுக்கும் ஒரு பிடி மேலே. நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை. எங்கே இறங்கலாம் என்று பார்ப்பதுபோல அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவள் கை தானாகப் பென்சிலை எடுத்தது. அவர் ஸ்விட்சை முடித்துக்கொண்டு ஜன்னல் கம்பியில் இருந்த தூசிக்கு வருவதற்குள் கொசு காகிதத்தில் நின்றுவிட்டது.

"இதுதான் மேடம்! இதுதான் குறைஞ்சுது!" என்று போனிலேயே துள்ளினார் அதிகாரி.

பஸ் நிறுத்தம், மருந்துக்கடை, ஆட்டோ முதுகு என்று எங்கே பார்த்தாலும் அந்தக் கொசுதான். அக்கா காய் வாங்கப் போனவள், வெறும் பையோடு மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

"அடிப்பாவி, உன் அத்தானையா கொசுவாக்கின?" என்று கேட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணீர் வந்தது. "மனுஷனுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். மூச்சு விடாதே."

அன்று சாயங்காலம் அத்தானே கையில் ஒரு போஸ்டரோடு வந்தார். முகமெல்லாம் பல்.

"கிறுக்கி, கையைக் குடு! எங்க மேனேஜரை நீ எங்கம்மா பாத்த? அப்படியே அச்சு! ஒண்ணை ஆபீஸ்ல தண்ணி மெஷினுக்கு மேல ஒட்டிட்டேன். இது வீட்டுக்கு. அந்தாளு இப்படித்தான் வந்து நிப்பான், பாரு." இடுப்பில் கை வைத்து, விரலைத் தூக்கி, மூக்கை நிமிர்த்தி நடித்துக் காட்டினார். நடிக்க அவருக்குச் சிரமமே இல்லை. அக்கா அடுப்பில் ஒன்றுமே இல்லாதபோது, ஏதோ கருகுகிறது என்று சமையலறைக்குள் ஓடினாள்.

மறுநாள் அத்தான் ஸ்விட்ச் எதையும் பார்க்காமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நடந்தது இதுதான். மேனேஜர் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறார், போஸ்டரைப் பார்த்திருக்கிறார், இவரைக் கூப்பிட்டுத் தோளில் தட்டியிருக்கிறார். "தன்னையே கிண்டல் பண்ணிக்க ஒரு பெரிய மனசு வேணும் சார். உங்களுக்கு இருக்கும்னு நான் நினைக்கவே இல்லை." ஆபீஸ் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியிருக்கிறது.

"உண்மையைச் சொல்லும்மா. அது நானா?"

"கொசுன்னா எல்லாம் ஒரே மாதிரிதானே அத்தான் இருக்கும்..."

"மழுப்பாதே. ஒரே ஒரு தடவை என்னை மனுஷனா வரைஞ்சு குடு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்கு மை அடித்துக்கொண்டு வந்து, பாஸ்போர்ட் போட்டோவுக்குப் போல விறைத்து உட்கார்ந்தார். உருவப்படத்துக்கு அவள் வழி வேறு. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, முகத்தில் வெளிச்சம் எங்கே, நிழல் எங்கே என்று மட்டும் முதலில் பார்ப்பாள். ஜாடை கண்ணிலும் மூக்கிலும் இருப்பதில்லை, அவற்றுக்கு நடுவில் இருக்கும் தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரம்தான் அன்று பிடிபடவே இல்லை. எப்படிப் போட்டாலும் இறக்கை மட்டும் பாக்கி என்பது போல வந்தது.

"தாடையைக் கொஞ்சம் கம்மி பண்ணும்மா. முடியைக் கொஞ்சம் கூட்டு," என்று இருந்த இடத்திலிருந்தே திருத்தம் சொன்னார். பத்திரிகையிலும் கம்பெனியிலும் கேட்டுக் கேட்டுப் புளித்த பாட்டு. அவள் தலையாட்டிக்கொண்டு, பேச்சை மாற்றுவதற்காக, ஆபீசில் யாரோடு சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள்.

"தனியாத்தான்," என்றார். "நான் போய் உக்காந்தா எல்லாரும் டப்பாவை மூடிடுவாங்க. தப்பு கண்டுபிடிச்சாத்தான் அங்க ஒருத்தனாவது தலையைத் தூக்கி என் மூஞ்சியைப் பாக்கறான். அதுக்கு என்ன பண்றது சொல்லு."

விரல் மடியில் இறங்கியிருந்தது. தோளும் இறங்கியிருந்தது. முதுகுக்குப் புதுக்கோடு கிடைத்தது. அவள் பழைய காகிதத்தைத் தள்ளிவிட்டு வேறொன்றை எடுத்தாள்.

படத்தை வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் சிரிக்க வையேன்," என்றார். அவளும் வாயோரத்தை இம்மி தூக்கிவிட்டாள். அக்கா எட்டிப் பார்த்து, "யாருடி இது? நல்ல மனுஷனா இருக்காரே!" என்றாள். அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு, ஆபீஸ் மேசையில் கொண்டுபோய் வைத்தார். கொசுவையும் கிழிக்கவில்லை. கைதட்டு வாங்கிக் கொடுத்ததை எப்படிக் கிழிப்பது?

அதன் பிறகு அத்தான் அடிக்கடி மாடிக்கு வந்து காபி குடித்தபடி வேலையை வேடிக்கை பார்ப்பார். அடுத்து வந்தது ஒரு பல்பொடிக் கம்பெனி. கேட்டது பல்லைத் துளைக்கும் கிருமி. யார் தலையில் கட்டலாம் என்று அக்கம்பக்கத்து முகங்களை ஒவ்வொன்றாக மனதில் புரட்டிக்கொண்டிருந்தவளை அத்தான் போனில் படம் பிடித்தார்.

"இதையே போடேன்," என்று நீட்டினார்.

ஒரு புருவம் ஏறியிருந்தது. உதடு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. பாதி மூடிய கண், எதிரில் இருப்பவரில் எந்த இடம் சொத்தை என்று எடை போட்டுக்கொண்டிருந்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது அவளுக்கு. ஆனாலும் தொழிலாயிற்றே, வரைந்து அனுப்பினாள்.

"பிரமாதம் மேடம்! ஒரு திருத்தமும் வேண்டாம்," என்றது பல்பொடிக் கம்பெனி. அவள் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து காதில் விழாத வார்த்தை அது.

"இல்ல சார், கண்ணை மட்டும் கொஞ்சம் பெருசாக்கட்டுமா? வாயை நேராக்கிட்டா இன்னும் நல்லா இருக்குமே?"

"ஐயையோ, கை வெச்சுடாதீங்க மேடம். அந்த விஷம்தானே அதுல அழகு!"

மனசு கேட்காமல், அன்று சாயங்காலமே கண்ணைப் பெரிதாக்கி, வாயை நேராக்கி, கன்னத்தில் ஒரு குழியும் வைத்து இன்னொரு படம் அனுப்பினாள். அவர்கள் முதல் படத்தையே அச்சடித்தார்கள்.