சின்னச்சாமியும் சிவந்த கிளைக்காலும்

சின்னச்சாமிக்கு எதைப் பார்த்தாலும் பொட்டு வைக்கணும். பம்புக்கு வைப்பான், மோட்டாருக்கு வைப்பான். தீயணைக்கிற உருளை சிவப்பா இருக்கு, குங்குமம் எடுப்பாத் தெரியாதேன்னு மஞ்சளைப் பூசி அதுக்கு மேல வைப்பான். ஒரு தடவை எடைமேடையில நின்ன வெளியூர் லாரிக்கு வச்சிட்டான். டிரைவர் பாய் இறங்கி வந்து பார்த்தார். "பரவால்லண்ணே, ஒரு எலுமிச்சம்பழத்தையும் சேர்த்து வச்சு விடுங்க, ரோடு மோசமாக் கெடக்கு"ன்னு சொல்லிட்டுப் போனார்.

வாடிப்பட்டிக்கு இந்தப் பக்கம் எங்க கம்பெனி. பழைய பாலியஸ்டர் சேலை, பள்ளிக்கூட யூனிபாரம், கட்சிக்கொடி எல்லாம் மூட்டை மூட்டையா வரும். கிளைக்கால்னு ஒரு திரவத்துல போட்டு வேகவச்சா, அம்புட்டும் கரைஞ்சிரும். அதுல இருந்து மறுபடி நூலுக்கான சரக்கைப் பிரிச்சு எடுத்துக்கிருவாங்க. மிச்சம் நிக்கிற கிளைக்கால், சாயமும் கசடும் சேர்ந்து கருவாட்டுக் குழம்பு மாதிரி இருக்கும். அதைக் கீழ ஊத்துனா மொதலாளி கூடவே அழுவார், விலை அப்படி. அதனால டவர்ல காய்ச்சி, ஆவியாக்கி, குளிர வச்சு, தண்ணி மாதிரி எறக்கி அடுத்த மூட்டைக்கு ஊத்துறது. டவர் சின்னச்சாமி பொறுப்பு. நான் பக்கத்துல பாய்லர்ல நிக்கிறவன்.

டவருக்குள்ள இருக்கிற காத்தை உறிஞ்சிட்டுத்தான் ஓட்டணும். ஓட்டம் முடியாம தொறந்து பார்க்க முடியாது. கிளைக்கால் எறங்குற குழாயில முன்னால ஒரு கண்ணாடி, பின்னால ஒரு கண்ணாடி, அதுக்கும் பின்னால ஒரு விளக்கு. அந்த வெளிச்சத்துல தெளிவாத் தெரிஞ்சா தொட்டிக்கு விடணும். கலரு தெரிஞ்சா வால்வைத் திருப்பி, காய்ச்சுற அடிச்சட்டிக்கே அனுப்பணும். இம்புட்டுத்தான் வேலை.

ஆயுதபூசை முடிஞ்சு கம்பெனி தொறந்த அன்னைக்கு மொதலாளி சந்தானம் நேரா டவருக்கு வந்தார். மதுரை மஹால் பக்கத்து சௌராஷ்டிரக் குடும்பம். கோவம் வந்தா வீட்டுப் பாஷையில திட்டுவார். என்ன திட்டுறார்னு புரியாததால கூடுதலாப் பயமா இருக்கும்.

"சாயங்காலம் திருப்பூர்ல இருந்து சரக்கு வாங்குற ஆளுங்க பார்க்க வர்றாங்க. கிளைக்கால் தண்ணி மாதிரி ஓடணும். கலரு கண்டுச்சு, நாளைக்கு நீ பட்டன் ஷெட்டு."

சின்னச்சாமிக்கு முகம் செத்துப் போச்சு. துணியில இருக்கிற பட்டன், ஜிப்பு, கொக்கி எல்லாம் வெட்டி எடுக்கிற எடம் பட்டன் ஷெட்டு. வேலை ஒண்ணும் கஷ்டமில்ல. ஆனா அங்க மேஸ்திரி ஜெயக்கொடி. ஜெயக்கொடி அவன் பொண்டாட்டி.

"மாப்ள, வீட்ல அவ சொல்றதைக் கேட்டுக்கிருவேன். பகல்லயும் கேக்கணும்னா நான் எப்ப மாப்ள நானா இருக்கிறது?"

"நீயா இருந்து என்னத்தக் கிழிச்ச? டவரைப் பாருய்யா"ன்னேன்.

டவர் சூடேறி கிளைக்கால் எறங்க ஆரம்பிச்சுச்சு. கண்ணாடியில பார்த்தா ரத்தச் செவப்பு. அடிச்சட்டிக்கே திருப்பிட்டான். நுரை பொங்கி சாயம் மேல ஏறிருச்சுன்னு என்னைய நீராவியைக் குறைக்கச் சொன்னான். குறைச்சேன். செவப்பு. வேகத்தைக் குறைச்சு சொட்டுச் சொட்டா விட்டான். சொட்டுச் சொட்டாச் செவப்பு. மத்தியானச் சோத்தைக்கூடத் தொடல. டவரைப் பார்த்துக் கும்பிட்டு, "எம்புட்டுப் பொட்டு வச்சிருப்பேன் ஒனக்கு, இப்படிப் பண்ணுறியே!"ன்னு அழாத குறை.

கேள்விப்பட்டு ஜெயக்கொடி வந்துட்டா, கையில கத்தரிக்கோலோட.

"என்னய்யா, நாளைக்கு நம்ம ஷெட்டுக்கு வாரீகளாம்ல? கொக்கி வெட்டுற மூலையை ஒதுக்கி வச்சிருக்கேன். வெத்தலை போடக் கூடாது. பேச்சு சத்தம் வரக் கூடாது."

"போயிரு ஜெயக்கொடி. வயித்தெரிச்சலைக் கொட்டிக்காத."

அவ போகல. டவரைச் சுத்தி வந்து, சுவத்துக்கும் குழாய்க்கும் இடையில இருக்கிற சந்துக்குள்ள ஒருக்களிச்சுப் பூந்தா. சின்னச்சாமி தொப்பைக்கு அந்தச் சந்து ஒத்து வராது. பின்னால இருந்து சத்தம் வந்துச்சு.

"ஏய்யா, இது நல்ல குங்குமமாச்சே. அழகர்கோவில்ல வாங்குனதா?"

எட்டிப் பார்த்தேன். விளக்குக் கண்ணாடியில விரலை வச்சுத் தேய்ச்சு தன் நெத்தியில இட்டுக்கிட்டு நிக்கிறா. பூசை அன்னைக்கு, விளக்குன்னா பொட்டு இல்லாமலான்னு சின்னச்சாமி சந்துக்குள்ள கையை மட்டும் வளைச்சு விட்டிருக்கான். உதிரக் கூடாதுன்னு குங்குமத்தை நல்லெண்ணெயில கொழைச்சு, கண்ணு தெரியாம அஞ்சு விரலாலயும் அப்பியிருக்கான். விளக்குச் சூட்டுல அது எளகி, கண்ணாடி பூராவும் வழிஞ்சிருச்சு. காலையில இருந்து சொக்கத் தங்கமா எறங்குன கிளைக்காலைத்தான் திருப்பித் திருப்பிச் சட்டிக்கு அனுப்பியிருக்கோம்.

ஜெயக்கொடி முந்தானையால ஒரு தொடை தொடைச்சா. முன் கண்ணாடியில கிளைக்கால் மலை ஊத்து மாதிரி ஓடுச்சு.

அந்த நேரம் பார்த்து மொதலாளி வந்தார். செவந்து கெடந்த முந்தானையைப் பார்த்தார், ஜெயக்கொடி நெத்தியைப் பார்த்தார், சின்னச்சாமியைப் பார்த்தார். வீட்டுப் பாஷையில நீளமா ஒண்ணு சொன்னார். அப்புறம் தமிழுக்கு வந்தார்.

"டவரை நீயே வச்சுக்க. ஆனா ஜெயக்கொடி, தினம் காலையில இவனைச் சோதிச்சிட்டு, அப்புறம் ஒன் ஷெட்டுக்குப் போ."

இப்ப தினமும் காலையில ஜெயக்கொடி ஈரத்துணியோட வருவா. பம்பு, மோட்டார், விளக்கு எல்லாம் பார்ப்பா. அப்புறம் உள்ளங்கையை நீட்டுவா. சின்னச்சாமி டவுசர் பையில இருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்துக் கையில வச்சிருவான்.

"இன்னொண்ணு?"

சட்டைப் பையில இருந்து இன்னொண்ணையும் வைப்பான்.