நூற்று முப்பது வோல்ட் அடுப்பு

எங்கள் வீட்டில் விறகு நன்றாகக் காய்ந்து நான் பார்த்ததில்லை. கவுஞ்சியில் ஆண்டில் பாதி நாள் மேகம் வாசல்படி ஏறி உள்ளேயே வந்துவிடும். ஈர விறகை ஊதி ஊதி அம்மாவுக்கு நெஞ்சு கட்டிக்கொண்டது. பகலெல்லாம் பூண்டுக் காட்டில் களையெடுப்பு. காலையும் மாலையும் புகை. கொடைக்கானல் டாக்டர் மாத்திரையோடு ஒரு புத்திமதியும் கொடுத்தனுப்பினார்: புகைப் பக்கமே போகக் கூடாது. போகாமல் எப்படிச் சோறு பொங்குவது என்று அவர் சொல்லவில்லை.

அதைக் கேள்விப்பட்டுத்தான் பாலசமுத்திரத்திலிருந்து மாமா, அம்மாவின் தம்பி, ஒரு கரண்ட் அடுப்போடு வந்து இறங்கினார். எதைச் செய்தாலும் நாலு பேர் பார்க்கச் செய்கிறவர். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வீட்டுக்கு வந்தார். வெள்ளைத் தட்டு, அதன் பள்ளத்தில் வளைந்து வளைந்து ஓடும் சுருள் கம்பி.

"இனிமே ஊதவே வேணாங்க்கா. சுவிச்சப் போட்டா சோறு" என்றார்.

சுவிட்சைப் போட்டோம். கம்பி லேசாகச் சிவந்தது, அவ்வளவுதான். காலையில் வைத்த உலை மத்தியானம் வரை கொதிக்கவில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று மாமா திட்டிக்கொண்டிருக்க, அம்மா எழுந்துபோய் விறகை எடுத்து வந்தாள்.

அக்கா அப்போது ஒன்பதாம் வகுப்பு. அடுப்பைக் கவிழ்த்து அடியில் எழுதியிருந்ததைப் படித்தாள்: 230 வோல்ட், 1000 வாட். மறுநாள் கம்பத்தில் ஏறி இறங்கிய லைன்மேனிடம் போய், நம்ம ஊருக்கு எத்தனை வோல்ட் வருகிறது என்று கேட்டாள். "நூத்தி முப்பதத் தாண்டாது பாப்பா. எத்தன மலை ஏறி வருது!" என்றார் அவர்.

அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் கணக்கு ஏறியது. ஆயிரத்தை இருநூற்று முப்பதால் வகுத்தால் ஓட வேண்டிய கரண்ட், நாலரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. வோல்ட்டை அந்தக் கரண்டால் வகுத்தால் கம்பியின் தடை, ஐம்பத்து மூன்று ஓம். அதே கம்பிக்கு நூற்று முப்பது வோல்ட்தான் கிடைக்கிறதென்றால் ஓடுவது இரண்டரை ஆம்பியர்கூட இல்லை. இரண்டையும் பெருக்கினால் முந்நூற்று இருபது வாட்.

"கடைக்காரரு ஏமாத்தல மாமா. ஆயிரம் வாட்டு அடுப்பு நம்ம வீட்டுல முந்நூறு வாட்டு அடுப்பாக் கெடக்கு" என்றாள். "கம்பியப் பாதியா வெட்டுனா தடையும் பாதியாகும். சூடு ரெட்டிக்கும்."

புது அடுப்பை வெட்டுவதா என்று மாமா பதறினார். அம்மாதான், "வெட்டட்டும்டா, சும்மாதான கெடக்கு" என்றாள். அக்கா குறடால் வெட்டி, பாதிக் கம்பியை இழுத்துப் பள்ளம் முழுக்கப் பதித்தாள். மீதியைக் கடுகு டப்பாவில் போட்டு வைத்தாள். அன்றைக்கு உலை கொதித்தது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைக்காமல் சோறு வடித்ததை முதன்முதலாகப் பார்த்தேன். மாமா ஊர் முழுக்க அதைத் தான் செய்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊருக்குப் புது டிரான்ஸ்பார்மர் வரப்போகிறதென்று தெரிந்ததும் எல்லாரும் குதித்தோம். அக்கா மட்டும் மறுபடி கரித்துண்டை எடுத்தாள். முழு வோல்ட் வந்தால் பாதிக் கம்பியில் ஒன்பது ஆம்பியருக்கு நெருங்கி ஓடும், இரண்டாயிரம் வாட். கம்பி தாங்காது. "புது கரண்ட் வந்தா அடுப்பப் போடாதம்மா, நான் மாத்தித் தாரேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அம்மா சரி சரி என்றாள்.

அந்தக் காலையில் டிரான்ஸ்பார்மருக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, மிட்டாய் கொடுத்தார்கள். கரண்டை விட்டதும் ஊர் கைதட்டியது. அக்கா மிட்டாய்கூட வாங்காமல் வீட்டைப் பார்த்து ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். அம்மா வழக்கம்போல உலையை வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தாள். நாங்கள் உள்ளே நுழைந்தபோது கம்பி வெள்ளையாக எரிந்து, படாரென்று அறுந்தது. வயர் தீய்ந்த நாற்றம் வீடெல்லாம் அடித்தது.

டப்பாவில் இருக்கும் பாதியைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று அக்கா எவ்வளவோ சொன்னாள். அப்பா கேட்கவில்லை. "வீடு எரிஞ்சிருந்தா யாரு பதில் சொல்றது? இனி அதுல கை வைக்காத." அடுப்பு பரண் ஏறியது. அம்மா மறுபடி ஊதினாள். அந்தக் கோடை மழையில் ஒரு நாள் மூச்சு வாங்கி விழுந்தாள். ஜீப்பில் போட்டுக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அம்மா திரும்பி வருவதற்குள் அப்பாவே அடுப்பைப் பரணிலிருந்து இறக்கி அக்கா முன்னால் வைத்தார். மாமா புது வயர் இழுத்தார். அக்கா அறுந்த இடத்தை முறுக்கி, டப்பாவிலிருந்த பாதியையும் அதோடு சேர்த்தாள். கம்பி செக்கச் சிவந்தது; உலை நிமிஷமாய்க் கொதித்தது. ஆனால் அம்மாவால் அதன் முன்னால்கூட நிற்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா வடித்தாள், தாளித்தாள். அரிசி, விறகு, துணி, தண்ணீர் என்று ஒவ்வொன்றாக அவள் பக்கம் நகர்ந்தது. யாரும் உட்கார்ந்து பேசி எதையும் முடிவு செய்ததாக எனக்கு நினைவில்லை.

பள்ளி திறந்தது. நான் ஆறாம் வகுப்பு; அக்காவோடு பக்கத்து ஊருக்குப் பஸ்ஸில் போகலாம் என்று கோடை முழுக்கக் காத்திருந்தேன். அவளுடைய பாவாடையைப் பிடித்துத் தைத்து எனக்குப் போட்டுவிட்டாள், தான் கிளம்பவில்லை.

"ஒனக்கு மட்டும் லீவாக்கா?"

சடையை இறுக்கிக்கொண்டே, "ஆமாடி. வெரசா போ, பஸ் போயிரும்" என்றாள்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. வீட்டுப்பாடம் இல்லை, வாத்தியார் இல்லை, நாள் முழுக்கச் சூடாக வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். கொடுத்துவைத்தவள் என்று நினைத்துக்கொண்டேன்.