லேப்டாப்புக்கு அப்பிய சந்தனம்

நேற்று ஆயுத பூஜை. என் லேப்டாப்பை நான் டிசைன் வேலை பார்க்கும் புதுவாயல் ஃப்ளெக்ஸ் கடையிலேயே வைத்துவிட்டு லீவு எடுத்திருந்தேன்.

இன்று காலை ஒரு காதுகுத்து பேனர். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முகத்தையும் வெட்டி ஒட்ட வேண்டும்.

பாதிப் பேர் முகம் ஒட்டுவதற்குள் லேப்டாப் ஃபேன் ரைஸ் மில் மாதிரி இரைந்தது. கை வைக்க முடியாத சூடு. தாய்மாமன் மீசையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது அப்படியே அணைந்துவிட்டது. சேவ் செய்யவில்லை.

திருப்பிப் பார்த்தேன். அடியில் காற்று போகும் ஓட்டை முழுக்கச் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. நடுவில் குங்குமம் வேறு.

"இன்னாண்ணே இது?" என்று முதலாளியிடம் கத்தினேன்.

"பூஜை போட்டேம்மா. ஸ்கிரீன்ல வெச்சா பாழாப்பூடும்னு அடியில நல்லா அப்பி உட்டேன்."

"அது மூச்சு உடுற எடம்ணே!"

ஊக்கால் நோண்டி எடுக்க ஆரம்பித்தேன்.

"சாமிக்கு வெச்சத நோண்டாத!" என்று அவர் என்னைத் திட்டினார்.

பேனருக்காகக் காத்திருந்தவரிடம் திரும்பி, "பொண்ணு பூஜைக்கு வரல சார், அதான் மிஷினு கோச்சிக்கினு நின்னுபோச்சு" என்றார். அவரும் தலையாட்டுகிறார்!

உங்கள் ஆபீஸில் எதன் மேலெல்லாம் அப்பினார்கள்? சொல்லுங்கள். நானும் லேப்டாப்பும் மட்டும் தனியாகக் கொதித்துக்கொண்டிருக்க வேண்டாமே.