வடிகட்டாமல் விட்ட குப்பி

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. ஆய்வகத்தில் குப்பிகளைக் குலுக்கும் எந்திரம் இரண்டு மணி நேரம் ஓடும். அந்த நேரத்தில் மற்றவர்கள் டீ குடிப்பார்கள், போனில் கிரிக்கெட் பார்ப்பார்கள். நான் சன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பேன். அந்த மே மாதம் நடை இன்னும் கூடிப்போனது. வங்கியில் வேலை பார்க்கும் என் மனைவிக்குக் கோயம்புத்தூர் மாற்றல் வந்திருந்தது. நான்கு வருடமாக எழுதிக் கேட்டு வாங்கியது. வேண்டாம் என்றால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஜூன் முதல் வாரம் அவள் அங்கே சேர வேண்டும். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு நானும் கூடவே வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். வங்காளத்தில் நாங்கள் குடியிருந்த அலிப்பூர் வீட்டில் பாதிச் சாமான் அட்டைப் பெட்டிக்குள் போய்விட்டது.

என் ஆராய்ச்சி களிமண்ணில். நாம் விழுங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரை முழுதும் உடம்பில் தங்குவதில்லை. கழிவோடு வெளியேறி, சாக்கடை, கால்வாய் வழியாக ஆற்றுக்குப் போகிறது. தண்ணீரில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கிடந்தால் கிருமிகளுக்குப் பழகிவிடும். பிறகு நிஜமாகவே காய்ச்சல் வரும்போது அந்த மாத்திரை கேட்காது. பெண்டோனைட் என்று ஒரு சாம்பல் நிற மண் ராஜஸ்தானிலிருந்து சாக்கில் வரும். அதை அமிலத்தில் கழுவி, இரும்பு உப்புக் கரைசலில் ஊறவைத்து, காயவைத்து அரைத்தால், தண்ணீரில் இருக்கும் மருந்து அதில் ஒட்டிக்கொள்ளும். மேல்வீட்டு பௌதி, வங்காளத்தில் அண்ணி, நான் டாக்டர் பட்டத்துக்காக மண் பிசைந்துகொண்டிருக்கிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். அது தப்பும் இல்லை.

செய்முறை சுலபம். மருந்து கலந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை மண்ணைப் போட்டுக் குலுக்க வேண்டும். மண் மாவைப் போல நைசாக இருப்பதால் சீக்கிரம் அடியில் தங்காது. அதனால் தண்ணீரைச் சிரிஞ்சில் உறிஞ்சி, முனையில் காசு அளவுக்கு ஒரு வெள்ளை ஃபில்டர் வில்லையைப் பொருத்தி, அதன் வழியாக அழுத்த வேண்டும். தெளிந்து வரும் நீரில் மருந்து எவ்வளவு மிச்சம் என்று கருவி சொல்லும். ஒப்பிட்டுப் பார்க்க, அதே அளவு மருந்து கலந்து மண் மட்டும் போடாத தண்ணீர் ஒரு குப்பியில் இருக்கும். அதை நான் நேராகக் கருவியில் ஊற்றிவிடுவேன். மண்ணே இல்லாத தண்ணீரில் எதை வடிகட்டுவது? எனக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். நான்கு வருடம் அப்படியே செய்தேன். என் மண் பிரமாதமாக வேலை செய்தது.

ஆய்வேடு அச்சுக்குப் போக இருந்த வாரம், ஒரே ஒரு வரைபடத்துக்காகக் கடைசியாக ஒரு முறை செய்து பார்த்தேன். மனம் சாமான் ஏற்றும் லாரியில் இருந்தது. கை தன்பாட்டுக்கு அந்த மண் போடாத தண்ணீரையும் சிரிஞ்சில் எடுத்து, வில்லை வழியாக அழுத்திவிட்டது. கருவி காட்டிய அளவு எக்கச்சக்கமாகக் குறைந்திருந்தது. கருவியைத் திட்டினேன். புது வில்லை போட்டேன். மூன்று தடவையும் அதேதான்.

பக்கத்து மேசையில் என் ஜூனியர், என்னைத் தாதா, அதாவது அண்ணா, என்று கூப்பிடும் ஒரு வங்காளிப் பெண், எட்டிப் பார்த்தாள். “தாதா, மண்ணு இல்ல. இந்த ஃபில்டர்தான் மருந்தத் தின்னுது” என்று வங்காளத்தில் சொன்னாள். எனக்கு அது முன்பே புரிந்திருந்தது, அதனாலேயே அவள் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள். வில்லை தின்றதையெல்லாம் நான் மண்ணின் கணக்கில் எழுதிவந்திருக்கிறேன். கழித்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இரண்டு வகை வில்லைகளில் கையில் கிடைத்ததைப் போட்டிருக்கிறேன், எந்த நாளில் எது என்று நோட்டில் குறித்துவைக்கவில்லை.

எங்கள் பேராசிரியர் நல்ல மனிதர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மண் போடாத தண்ணீரை யாருமே வடிகட்டுவதில்லை, ஆய்வேட்டில் ஒரு வரி எழுதிச் சேர்த்துவிடு, மண் வேலை செய்கிறது என்பது பொய்யில்லையே என்றார்.

“எவ்வளவு வேலை செய்யுதுன்னு நமக்குத் தெரியாதே சார்” என்றேன்.

அவர் அது என் முடிவு என்றார். பேசாமல் கொடு என்று அவர் ஓர் அதட்டுப் போட்டிருந்தால் கொடுத்துவிட்டு ரயில் ஏறியிருப்பேன். அதட்டவில்லையே என்று அவர் மேலும் கோபம் வந்தது.

வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. படகுத்துறைக்கு நடந்து, ஃபெர்ரியில் ஹவுராவுக்குப் போய், இறங்கி, அடுத்த ஃபெர்ரியிலேயே திரும்பினேன். மறுபடியும் போனேன். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியது. ஒரு தொட்டித் தண்ணீருக்கு இவ்வளவு மண் போதும் என்று என்றைக்கோ யாரோ என் அட்டவணையைப் பார்த்து முடிவு செய்வான். மருந்து பாட்டுக்குத் தண்ணீரிலேயே கிடக்கும். இதை நினைக்காமல் இருக்கத்தான் படகில் அலைந்தேன், முடியவில்லை.

மனைவி பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

“எத்தன நாளாகும்?”

“எல்லாத்தையும் முதல்லருந்து செய்யணும். அக்டோபர்ல பூஜை தாண்டிரும்.”

“அங்க வந்து செய்ய முடியாதுங்களா?”

“மெஷினு, சாரு எல்லாம் இங்கதான?”

அவள் டேப்பைக் கீழே வைத்தாள். “நாலு வருசமா அந்தத் தண்ணிய ஒருக்கா வடிகட்டிப் பாக்கணும்னு உங்களுக்குத் தோணுல. நாங்கெளம்பற வாரந்தான் தோணுச்சு.”

தோன்றவில்லை, கை செய்துவிட்டது என்று விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை. அவள் மூடிய பெட்டியைப் பிரித்து, என் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில் மேல் வைத்தாள். மடிப்புக் கலையாமல் வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குப் பதில் நாலு வார்த்தை திட்டு வாங்கியிருக்கலாம்.

அவள் கிளம்பும் நாளில், ஹவுரா ஸ்டேஷனில் சாமான்களைத் தூக்கிக்கொண்டு நானும் ரயில் பெட்டிக்குள் ஏறினேன். டிக்கெட் இரண்டு பேருக்கும் முன்பே எடுத்தது. என்னுடையதை ரத்து செய்ய அவள் விடவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. அவளுக்குக் கீழ் பெர்த், எனக்கு எதிரே இருந்த கீழ் பெர்த். சூட்கேஸைத் தள்ளினேன், தண்ணீர் பாட்டிலை எடுத்துவைத்தேன், மறுபடி சூட்கேஸைச் சரிசெய்தேன். வண்டி கிளம்ப ஐந்து நிமிடம் இருக்கும்போது மேல் பெர்த்துக்காரர், வயதான ஒரு வங்காளி, என் இடத்தைக் காட்டி இது யாருடையது என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் சூட்கேஸின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இவரோடதுதான்” என்று அவரிடம் வங்காளத்தில் சொன்னாள். “இவர் வரல. நீங்க படுத்துக்குங்க.”

நான் இறங்கினேன்.