நம்பர் ஆன மனு

என் தங்கை கைக்குழந்தையோடு கோவில்பதாகையில் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அவள் கணவர் விவாகரத்து கேட்டு, தன் ஊரான திருநெல்வேலி குடும்ப நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அதை எங்கள் மாவட்டத்துக்கு மாற்றக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் மனு போட்டோம்.

"மனு நம்பர் ஆயிட்ச்சு சார்" என்று வக்கீல் குமாஸ்தா போனில் சொன்னார். வழக்கு மாறிவிட்டது என்றே நினைத்துக்கொண்டேன்.

தங்கைக்கு மனசு கேட்கவில்லை. "எதுக்கும் இந்த வாய்தாவுக்குப் போய்ட்டு வந்துட்றேண்ணா. பிரிய இஷ்டமில்லன்னு ஜட்ஜ்கிட்ட நானே சொல்லணும்."

"கேஸே இங்க வந்துட்ச்சு. கொயந்தயத் தூக்கிகினு அவ்ளோ தூரம் எதுக்கும்மா?" என்று தடுத்துவிட்டேன்.

நம்பர் ஆனது என்றால், மனுவை விசாரணைக்கு எடுத்துக்கொண்டார்கள் என்று மட்டும்தான் அர்த்தமாம். திருநெல்வேலியில் வழக்கு நிற்கவே இல்லை. அது எனக்குத் தெரிந்தபோது, தங்கை ஆஜராகவில்லை என்று ஒருதலைப்பட்சமாக விவாகரத்தே கொடுத்திருந்தார்கள்.

அதை ரத்து செய்யக் கேட்டு அதே திருநெல்வேலியில்தான் மனு போட்டிருக்கிறோம். இப்போதெல்லாம் உத்தரவு நகல் கைக்கு வராமல் யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை. வாய்தாவுக்குப் போகட்டுமா என்று தங்கையும் என்னைக் கேட்பதில்லை; டிக்கெட் எடுத்துவிட்டுச் சொல்கிறாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போகிறேன்.