கச்சான் அடித்த நாளில் கரை மாறிய வண்டி

பேய், பிசாசு என்றால் நான் சிரிக்கிறவள். கணக்குப் படிப்பிக்கிற எனக்கு அதெல்லாம் ஒத்துவராது. சயன்ஸ் படிப்பிக்கிற நீங்களும் சிரிக்கலாம் மாஸ்டர், ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

ஜேர்மன் சண்டைக்குச் சில வருடங்களுக்கு முந்திய ஒரு கச்சான் காலம், மேல்காற்று அனலாய் வீசுகிற காலம். ஐந்து வயது மகள் பூமணி காய்ச்சலில் கண் சொருகிக் கிடந்தாள். வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி இருந்ததோ வாவிக்கு அந்தப்பக்கம், எழுவான்கரையில். பட்டப்பகலில், அவளை மாட்டுவண்டியில் போட்டு எங்கள் பக்கத்துப் படுவான்கரைத் துறைக்குக் கொண்டுவந்தேன். அனல்காற்றில் வாவி கொந்தளித்தது. வண்டிக்காரன் வண்டியை மருதமரத்தடியில் விட்டு, சக்கரங்களுக்குக் கல் வைத்து, மாடுகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டப் போனான். பிள்ளையைக் கூண்டுக்குள் படுக்கவிட்டு நான் தோணிக்காரரிடம் ஓடினேன்.

"இந்தக் காத்துக்க இறக்கினா ஆரும் மிஞ்சமாட்டம் புள்ள. காத்து விழட்டும், மறுகா போவம்."

"அவள் அதுவரைக்கும் தாங்குவாளா அண்ணன்? நெருப்பாக் கொதிக்காள்!"

அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். "உன்ட வண்டி எங்க புள்ள?"

திரும்பினேன். மரம் நின்றது, வண்டி இல்லை. சக்கரத் தடம் மரத்தடிவரை வந்து அப்படியே முடிந்திருந்தது. நான் போட்ட சத்தம் எனக்கே கேட்கவில்லை. அவர்தான் கையை நீட்டினார். அக்கரை மணலில் எங்கள் வண்டி, கூண்டில் நான் கட்டிய சிவப்புச் சேலைத் திரையோடு.

அதன்பிறகு அவர் காற்றைப் பார்க்கவில்லை, தோணியை இறக்கினார். நனைந்து, நடுங்கிப் போய்ச் சேர்ந்தோம். பூமணி கூண்டுக்குள் படுத்தபடியே கிடந்தாள், வண்டியில் ஒரு துளி ஈரமில்லை. சக்கரங்களுக்கு வைத்த கற்கள் வைத்தபடியே இருந்தன. நம்பினால் நம்புங்கள், அவற்றின் கீழே வெள்ளை மணலில் ஒரு பாயளவு மருதமரத்தடிக் கறுப்புச் சேற்றுமண், பச்சைப் புல்லோடு.

அப்போதிக்கரி பிள்ளையைக் காப்பாற்றிவிட்டார்.

மறுநாள் வண்டிக்காரன் ஒரு வெள்ளிக் கொலுசைத் தந்தான். "மரத்துக்குக் கீழ கிடந்திச்சி." பூமணியுடையதுதான். அதன் திருகுச் சுரை பூட்டியபடியே இருந்தது. சுரையைக் கழற்றாமல் அது அவள் குதிக்காலைத் தாண்டவே தாண்டாது. போட்டுவிடப் போனேன், காலை இழுத்துக்கொண்டாள்.

"அது என்ட இல்லம்மா. அங்கால மரத்தடியில நிண்டு அழுத புள்ளைட."

"எந்தப் புள்ள மகள்?"

"உன்னத்தான் கூப்பிட்டு அழுதா."

காய்ச்சல் பேச்சு என்று கொலுசைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். ஆனால் போன கிழமை நீங்கள் சொன்னீர்களே, அவ்வளவு பெரிய பொருளைக் கண்மூடித் திறப்பதற்குள் இடம் மாற்றவே முடியாது, முடிந்தாலும் தந்தி மாதிரித்தான், செய்தி போய் அங்கே புதிதாக எழுதப்படும், நாம் எழுதிக் கொடுத்த தாள் இங்கேயே கிடக்கும் என்று. அதற்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை.

பூமணிக்கு இப்போது கலியாணம் பேசுகிறோம். இவளுக்கு அப்போதிக்கரி மருந்து கொடுத்தார். மருதமரத்தடியிலேயே நின்று என்னைக் கூப்பிட்டு அழுதவளுக்கு யார் கொடுத்தது மாஸ்டர்?