அரை நகம் காற்று

சந்தையில் கத்தரிக்காய்க் கூடைமுன் குந்திக்கொண்டு, ஆஞ்சப்பன் ஒவ்வொரு காயாக எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிறார். அமுக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். "வாங்கறியா, நாடி பாக்கறியா?" என்று காய்க்காரி கேட்டால், "இது நாளைக்குச் சொத்தையாப் பூடும். இது பொழைச்சுக்கும்" என்று பிரித்து வைத்துவிட்டு, பிழைக்கிற காய்களை மட்டும் வாங்கிக்கொண்டு நகர்வார். பன் ரொட்டி, பலாப்பழம், தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் கன்னம், கல்யாண வீட்டுத் தலையணை, எதுவும் அந்த விரலுக்குத் தப்பியதில்லை.

ஓசூர் பஸ் நிலையத்துக்கு எதிரே தகரக் கொட்டகையில் அவருக்குச் சைக்கிள் கடை. மணிக்கணக்கில் வாடகைக்குப் போகும் சைக்கிள்கள் ஆறு, பஞ்சர் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி, காலால் மிதித்துக்கொண்டு அடிக்கும் பம்பு ஒன்று, கைப்பம்பு ஒன்று. வலது கட்டைவிரல் இடதைப்போல ஒன்றரை மடங்கு அகலம். அமுக்கி அமுக்கி அப்படி ஆனது என்கிறார் அவர். பிரசவத்தில் அந்த விரல்தான் முதலில் வெளியே வந்ததாம் என்கிறாள் மனைவி கெம்பம்மா. ஒரு நாள் கிருஷ்ணகிரி பஸ் கிளம்பும் நேரத்தில் பின்டயரை அமுக்கிவிட்டு, "சூளகிரி வரைக்கும் தாங்கும். ஊர்க்கல்லத் தாண்டாது" என்றார். டிரைவர் சிரித்துக்கொண்டே ஓட்டிப்போனார். சூளகிரி ஊர்க்கல்லுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் டயர் வெடித்தது. ஒரு முழம் என்று சொல்வது கொஞ்சம் மிகை. அளந்து பார்த்தவர்கள் முக்கால் முழம் என்கிறார்கள்.

இந்த விரலைக் கால்பந்தோடு சேர்த்து வைத்தவர் நாராயணப்பன். பட்டாளத்துக் குதிரைகளுக்கு லாடம் அடித்தே தலை நரைத்தவர். பன்னிரண்டு வருஷம் ஓசூர் மலையடி டீமுக்கு மேனேஜராக இருந்தார். புதிதாக ஒருவன் ஆட வந்தால், குளம்பைத் தூக்கிப் பார்ப்பதுபோல அவன் காலை மடியில் தூக்கி வைத்துப் பாதத்தைத் தட்டிப் பார்ப்பார்; பெயரைக் கேட்பது அதற்கப்புறம்தான். திட்டுவது தெலுங்கில். மெச்சுவது கன்னடத்தில். தமிழில் பேசினால் காரியம் கைமீறிவிட்டது என்று ஊருக்கே தெரியும்.

வெறுங்காலில்தான் ஆடவேண்டும் என்பது அவர் சட்டம். "லாடம் குதிரைக்குடா. மனுசனுக்கு எதுக்கு?" என்பார். வெறுங்கால் உதைக்கிற பந்து கல்லாகவும் இருக்கக் கூடாது, களியாகவும் இருக்கக் கூடாது. கட்டைவிரலை வைத்து அமுக்கினால் அரை நகம் உள்ளே போகவேண்டும். அந்த அரை நகத்தை ஊரில் ஒருவர் கைதான் பிசகாமல் கொண்டுவந்தது. ஆட்டத்தன்று காலையில் பந்து ஆஞ்சப்பன் கடைக்கு வந்துவிடும். தோலின் வாயைக் கட்டிய வாரை அவிழ்த்து, உள்ளே சுருண்டு கிடக்கும் ரப்பர்ப் பையின் குழாயை வெளியே இழுத்து, காற்றடித்து, நூலால் முடிந்து, மடித்துத் திணித்து, மறுபடி வாரைக் கோத்து இறுக்குவார். பிறகு ஆட்டுக் கொழுப்புத் தடவல். அந்த வேளையில் யாராவது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தால், "பந்து கைல இருக்குது, அப்பறமா வா" என்பதுதான் பதில். கலெக்டரே தள்ளிக்கொண்டு வந்தாலும் அதே பதில்தான் கிடைத்திருக்கும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பெங்களூரிலிருந்து பூட்ஸ் போட்ட டீம் ஒன்று வந்து மலையடி டீமுக்கு ஏழு கோல் போட்டுவிட்டுப் போயிற்று. கமிட்டித் தலைவர் ராஜப்பனுக்கு அன்று போன தூக்கம் திரும்பவில்லை. பதினோரு ஜோடி பூட்ஸ் வாங்கி வந்தார். நாராயணப்பன் ஒரு ஜோடியைக் கையில் எடுத்து, திருப்பி, அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்து, "நல்ல லாடம். குதிரை எங்க?" என்றார். மூன்றாம் நாள் மைதானத்து வேப்பமரத்தில் ஒரு நோட்டீஸ் தொங்கியது. நாராயணப்பன் மேனேஜர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார், இனித் தலைவரே மேனேஜர் என்று இரண்டே வரி.

ஊர் ஆடிப்போயிற்று. படிக்கத் தெரிந்தவர்கள் படித்துவிட்டு நகரவில்லை. தெரியாதவர்களும் அண்ணாந்து நின்றார்கள். மைதானத்து ஓரத்தில் வறுத்த கடலை விற்கும் நஞ்சம்மா வாணலியில் கடலை கருகுவதைக்கூடப் பார்க்கவில்லை.

"ஏழு கோல் வாங்கிக் குடுத்தவரத் தலைல தூக்கி வச்சுக்குவாங்களா?" என்று கமிட்டிக்காரர் ஒருவர் கேட்டார்.

"ஏழு வாங்கினா என்னவாம்? எட்டாவது வுழாம தடுத்தாரே, அத யாரு பேசறீங்க?" என்றாள் நஞ்சம்மா.

நாராயணப்பன் பெட்டியோடு சாமல்பட்டியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். ஆனால் மேனேஜர் என்றால் ஓசூருக்கு அவர்தான். ராஜப்பன் கைக்கடிகாரமும் விசிலுமாக மைதானத்துக்குள் வந்தால், "தலைவரு வராரு" என்பார்கள். "நான்தான்டா இப்ப மேனேஜர்" என்று அவர் இரைந்தால், "ஆமாங்க தலைவரே" என்பார்கள்.

ஆஞ்சப்பனுக்குப் புதுச் சட்டம் வந்தது: விரல் உள்ளே போகவே கூடாது, பந்து கல்லாக இருக்கவேண்டும். ஒரு வருஷம் அப்படியே அடித்துக் கொடுத்தார். அடித்து முடித்து அமுக்கிப் பார்ப்பார். விரல் வழுக்கும். "ஒடம்புக்கு முடியாதவன் வயிறு மாதிரி கீது" என்று முணுமுணுத்துக்கொண்டே வாரைக் கட்டுவார். பூட்ஸ் டீம் ஜெயிக்கவும் தொடங்கியிருந்தது. ஜெயித்த அன்று கடலை விற்றது. பழைய மேனேஜர் சௌக்கியமா என்ற விசாரிப்பும் நிற்கவில்லை.

சென்ற பங்குனியில் தேர் நிலைக்கு வந்த மறுநாள் கேடயத்துக்கான கடைசி ஆட்டம். மலையடி டீமோடு மோத வந்தது சாமல்பட்டி டீம். காலை பஸ்ஸிலிருந்து பதினோரு பேர் செருப்புகூட இல்லாமல் இறங்கினார்கள். ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவர்கள் சிலர், பாரூர் ஏரிப் பாசனத்தில் சேறு மிதிக்கிறவர்கள் சிலர். பன்னிரண்டாவதாக இறங்கியவர் நாராயணப்பன்.

அடுத்த நொடி, தேருக்குப் போட்ட மாலையில் மிச்சமிருந்த ஒன்று எதிரணி மேனேஜரின் கழுத்தில் விழுந்தது. "நம்ம மேனேஜரு!" என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அவர் எல்லோரிடமிருந்தும் கழன்று, நேரே சைக்கிள் கடைக்கு வந்து, எப்போதும் உட்காரும் சாமான் பெட்டிமேல் உட்கார்ந்தார். உட்காரும்போது மாலையைக் கழற்றி ஒரு சைக்கிள் கைப்பிடியில் மாட்டினார்.

"கெம்பம்மா சௌக்கியமா?"

"சௌக்கியந்தான் மேனேஜரே. நீங்க எளைச்சுட்டீங்களே."

"பொண்ணு வூட்டுச் சாப்பாடு. உப்பு கம்மி."

இவ்வளவுதான் பேச்சு. பிறகு இருவரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆஞ்சப்பன் கையில் அன்றைய ஆட்டத்துப் பந்து இருந்தது. கை அதன்பாட்டுக்குக் காற்றடித்து, முடிந்து, திணித்து, வாரை இறுக்கியது. நாராயணப்பன் எழுந்து போனபின்னும் ஆஞ்சப்பன் முகத்தில் சிரிப்பு வடியவில்லை.

ஆட்டம் தொடங்கிக் கால்மணி ஆவதற்குள் மலையடி ஆட்டக்காரர்கள் திணறிவிட்டார்கள். பூட்ஸால் ஓங்கி உதைத்தால் பந்து பாதி தூரத்தில் சோர்ந்து விழுந்தது. சாமல்பட்டிக்காரர்களின் வெறுங்காலில் அதுவே பூனைக்குட்டிபோல ஒட்டிக்கொண்டது. அவர்களுடைய காப்டன் முனிவேல், மூட்டை தூக்கும் ஆள், மூன்று பேரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பந்தை உள்ளே தள்ளினான். ஓரத்தில் நின்ற நாராயணப்பன் கன்னடத்தில் "சென்னாகிதே!" என்றார்.

மைதானம் கைதட்டியது. பன்னிரண்டு வருஷம் அந்த "சென்னாகிதே" விழுந்தவுடன் தட்டிய கைகள். ஓசூர்க் கைகள். தட்டி முடித்த பிறகுதான் கோல் விழுந்தது யாருக்கு என்று புரிந்தது. வெட்கமும் திகைப்புமாக ஆளாளுக்குத் தங்கள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாவது கோலுக்கும் தட்டினார்கள்.

இடைவேளை விசில் ஊதியதும் ராஜப்பன் பந்தைத் தூக்கிக்கொண்டு ஆஞ்சப்பனிடம் வந்தார். தம் விரலை வைத்து அமுக்கிக் காட்டினார். விரல் உள்ளே போயிற்று.

"இது என்னடா?"

ஆஞ்சப்பன் பந்தை வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை வைத்தார். அரை நகம். ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மூடிய கண்ணைத் திறக்க அவருக்குப் பயமாயிருந்தது.

"காலைல அந்த ஆளு உன் கடைல ஒக்காந்திருந்தானாமே? என்ன பேசினீங்க?"

"உப்பப் பத்திப் பேசினோங்க."

யாரும் சிரிக்கவில்லை.

"தலைவரே, என் கைதாங்க அடிச்சுச்சு. நான் அடிக்கலீங்க."

"கை யாருதுடா?"

ஆஞ்சப்பன் பந்தை மடியில் இறக்கி வைத்துக்கொண்டார். பின்னாலிருந்து ஒரு குரல், "ஊரையே வித்துட்டியேப்பா" என்றது. நஞ்சம்மா, காலையில் மேனேஜர் கழுத்தில் மாலை விழுந்தபோது எல்லோரையும்விட உரக்கக் கத்திய நஞ்சம்மா, தன் கடலைக் கூடையை அவர் பக்கத்திலிருந்து எடுத்து ஒரு கை தூரம் தள்ளி வைத்தாள். ஆஞ்சப்பன் அதைப் பார்த்தார். உடம்பில் இருந்த காற்றெல்லாம் அந்த ஒரு கை தூரத்தில் இறங்கிப்போயிற்று.

"இன்னியோட சரி. இனிமே பந்து உன் கடைக்கு வராது" என்றார் ராஜப்பன்.

இந்தச் சத்தத்துக்குத்தான் நாராயணப்பன் எதிர் ஓரத்திலிருந்து மைதானத்தின் குறுக்கே நடந்து வந்தார். யாரையும் கேட்காமல் ஆஞ்சப்பன் மடியிலிருந்த பந்தில் தம் விரலை வைத்தார். தம் பிள்ளைகள் ஏன் அவ்வளவு நன்றாக ஆடினார்கள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. முகத்திலிருந்த பெருமை மெல்ல வடிந்தது.

"பம்ப எடு, ஆஞ்சப்பா" என்றார். தமிழில்.

முனிவேல் ஓடிவந்தான். "மேனேஜரே, கல்லா அடிச்சா எங்க காலு என்னாவறது?"

"இது அவங்க மைதானம். அவங்க பந்து. அவங்க கேட்ட காத்துதான் அதுல இருக்கணும்."

"ரெண்டு கோலு ஜெயிச்சுகினு இருக்கறமே!"

"என் பேரச் சொல்லி ஒருத்தன் தலை குனியறான். அந்த கோல நான் எங்க கொண்டுபோயி வெக்கறது?"

ராஜப்பனின் வாயில் விசில் இருந்தது. ஊதவும் இல்லை, எடுக்கவும் இல்லை. ஆஞ்சப்பன் வாரை அவிழ்த்தார். முடிச்சு மூன்று தரம் நழுவியது. நாராயணப்பன் பக்கத்தில் குந்தி, குதிரைக் காலைப் பிடிக்கிற பிடியில் பந்தைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வோர் அடிக்கும் பந்து இறுகியது. விரல் வழுக்கும்வரை அடித்தார்கள்.

பிற்பாதியில் பூட்ஸ் பூட்ஸாக உதைத்தது. சாமல்பட்டிக்காரர்கள் விரலைப் பிடித்துக்கொண்டு நொண்டினார்கள். முனிவேலின் கால்நகம் பெயர்ந்தது. அவன் தன் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு என்று சமமாகி, முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது மலையடி டீமின் மூன்றாவது கோல் விழுந்தது.

ஒரு கைகூட எழவில்லை.

"ஏண்டா, நாமடா! நாம போட்டோம்டா!" என்று ராஜப்பன் நாலு பக்கமும் திரும்பிக் கத்தினார். இரண்டாயிரம் பேர் மலையிலிருக்கும் பாறைகளைப்போல உட்கார்ந்திருந்தார்கள். மூவாயிரம் என்றும் சொல்கிறார்கள். மொத்த ஓசூரிலேயே அன்று அத்தனை பேர் இருந்திருப்பார்களா என்பது வேறு விஷயம். கேடயத்தை வாங்கியபோது தலைவரின் முகம் பறிகொடுத்தவன் முகமாக இருந்தது. அதை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு வந்து, மறு கையிலிருந்த பந்தை ஆஞ்சப்பனின் மடியில் போட்டார்.

"அடுத்த வாரத்துக்குக் காத்தடிச்சு வையி" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். நஞ்சம்மா கூடையை நகர்த்திப் பழைய இடத்தில் வைத்தாள். ஒரு பொட்டலத்தை அவர் பக்கம் நீட்டினாள். ஆஞ்சப்பன் வாங்கிக்கொள்ளவில்லை. எழுந்து பந்தோடு பஸ் நிலையத்துக்கு ஓடினார்.

கிருஷ்ணகிரி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அங்கே இறங்கி வேறு பஸ் பிடித்துத்தான் சாமல்பட்டி போகவேண்டும். நாராயணப்பன் ஜன்னலோரம் இருந்தார். பஸ்ஸைச் சுற்றி ஊரே நின்றது. ஆஞ்சப்பன் ஜன்னல் பக்கம் போகவே இல்லை. முன்டயர் இரண்டையும் அமுக்கிப் பார்த்தார். பின்பக்கம் வந்து ஒவ்வொன்றாக அமுக்கினார். கடைசி டயரில் கட்டைவிரலை வைத்துக் கண்ணை மூடியவர், வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

"நல்லாத்தானய்யா கீது! வழிய வுடு" என்று டிரைவர் கத்தினார்.

ஆஞ்சப்பன் கடைக்குப் போய்க் கைப்பம்பை எடுத்துவந்தார். சைக்கிள் பம்பின் மூக்கு பஸ் டயரின் வாய்க்குப் பொருந்தவே பொருந்தாது. அது அவருக்குத் தெரியாததல்ல. அடிக்கிறவரைக்கும் பஸ் கிளம்பாது என்பதும்தான். பந்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு மண்ணில் முழங்காலிட்டார். பம்பின் மூக்கை அகலக் கட்டைவிரலால் டயரோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு, காற்றடிக்கத் தொடங்கினார்.